தெரியாத ஆல்பத்துக்கு ஒரு ரயில் பயண நேரம்

பட்டாபிராமில் ஏறினால் புறநகர் மின்சார ரயில் பெரும்பாலும் நம்மைக் கொண்டுபோய் இறக்கிவிடும் இடம் மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ். சென்ட்ரலை ஒட்டியிருக்கும் அந்த நிலையத்துக்குத் தன் பெயரை விட்டுச்சென்ற சந்தை 1900-ல் திறக்கப்பட்டது. 1985 மே மாதம் தீக்கு இரையானது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன அந்தச் சந்தையில் பழைய இசைத்தட்டுகளும் கிடைத்தன. உறையில் இருக்கும் படம், பின்பக்கம் அச்சாகியிருக்கும் பாட்டுப் பெயர்கள், தட்டின் மேல் தெரியும் கீறல், கடைக்காரர் கேட்கும் விலை. இவ்வளவை மட்டும் வைத்துக்கொண்டு, கேள்விப்படாத ஒரு குழுவின் தட்டை வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டும். பிடிக்காமல் போனால் காசு போனது போனதுதான்.

இன்று இந்துக் கல்லூரி நிறுத்தத்தில் ஏறும் மாணவரின் கைபேசியில் கோடிக்கணக்கான பாட்டுகள் இருக்கின்றன. தெரியாத ஒன்றைக் கேட்டுப் பார்ப்பதில் காசு நஷ்டமே இல்லை. ஆனாலும் நம்மில் பெரும்பாலோர் கேட்பது ஏற்கெனவே நூறு முறை கேட்ட பாட்டைத்தான். அதைக் குற்றமாகச் சொல்ல மாட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் முடித்து நின்றுகொண்டே வீடு திரும்புகிறவருக்குத் தெரிந்த பாட்டு ஓர் ஆறுதல். என் வருத்தம் வேறு. சென்னைக்காரர்களே எழுதி, வாசித்து, பதிவுசெய்து வெளியிட்ட ராக் ஆல்பங்கள் இருக்கின்றன. சினிமாவுக்காகவோ பெரிய கம்பெனி கேட்டதற்காகவோ அல்லாமல், தங்களுக்குத் தோன்றியதைத் தங்கள் முயற்சியில் செய்தவை; 'இண்டி' என்று சொல்வது இவற்றைத்தான். அவற்றை ஒதுக்குகிறவர்கள் கேட்டுவிட்டு ஒதுக்குவதில்லை. கேட்பதற்கு முன்பே சில நம்பிக்கைகள் குறுக்கே வந்து நின்றுவிடுகின்றன. அந்த நம்பிக்கைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருக்கிறேன்.

"சினிமாவுல வராத பாட்டு தமிழ்ல ஏது?"

தமிழின் முதல் பேசும்படமான 'காளிதாஸ்' வெளியானது 1931 அக்டோபர் 31-ல். அதற்கு முன்பே தமிழர் வீடுகளில் கிராமபோன் பாடிக்கொண்டிருந்தது. எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையிலிருந்து நேராக இசைத்தட்டுக்கு வந்தவர்கள். சினிமா அவர்களை உருவாக்கவில்லை. அவர்களைப் போன்றவர்களின் புகழைச் சினிமா பிறகு பயன்படுத்திக்கொண்டது. நாகூர் ஹனிபாவின் குரல் மசூதித் தெருவிலும் கட்சி மேடையிலும் பல பத்தாண்டுகள் ஒலித்ததற்குத் திரைப்படம் காரணமில்லை. யாழ்ப்பாணத்தின் நித்தி கனகரத்தினமும், 'சுராங்கனி' புகழ் ஏ.ஈ. மனோகரனும் இலங்கையில் 'பொப் இசை' என்றே ஒரு வகையை நிலைநிறுத்தினார்கள். அந்தச் 'சுராங்கனி'யின் தமிழ் வடிவம் 1977-ல் 'அவர் எனக்கே சொந்தம்' படத்துக்குள் வந்தது. இங்கே சினிமாதான் வெளியிலிருந்து பாட்டை எடுத்துக்கொண்டது.

இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' கதையும் இதே திசையில்தான் போகிறது. 1986-ல் வந்த அந்த ஆல்பத்தில் படமில்லை, பாடகரில்லை, பாடல் வரி இல்லை. வி.எஸ். நரசிம்மனின் வயலினை முன்னிறுத்தி, தியாகராஜருக்கும் மேற்கத்திய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கப்பட்ட வாத்திய இசை. இளையராஜா என்ற பெயரைப் பார்த்துச் சினிமாப் பாட்டு இருக்கும் என்று வாங்கியவர்களுக்கு அது முழுக்க அந்நியமாகத்தான் இருந்திருக்க வேண்டும். பாலு மகேந்திரா அந்த இசையை எடுத்து 'வீடு' படத்துக்குப் பின்னணியாக வைத்தார். படம் தேசிய விருது வாங்கியது. இன்று தமிழ் இசை ரசிகர்கள் அந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தாழ்ந்து மரியாதை வந்துவிடுகிறது. ஏ.ஆர். ரஹ்மானும் 'ரோஜா'வுக்கு முன்பு சென்னையில் 'நெமெசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவில் இருந்தவர். சினிமா என்ற பெரிய ஆற்றுக்கு நீர் எங்கிருந்தெல்லாம் வந்தது என்று பார்த்தால், சினிமாவுக்கு வெளியே ஒன்றுமில்லை என்று சொல்ல மனம் வராது.

"ராக்னா இங்கிலீஷ். வசதியான வீட்டுப் பசங்க சமாச்சாரம்"

இதில் பாதி உண்மை இருக்கிறது. அதை மறைக்கக் கூடாது. எலெக்ட்ரிக் கிதார், ஆம்ப்ளிபையர், டிரம்ஸ், ஒத்திகைக்கு ஓர் அறை, இவை எல்லாமே காசு. கல்லூரிக் கலைவிழாக்களில் வளர்ந்த சென்னைக் குழுக்கள் பலவும் ஆங்கிலத்தில்தான் எழுதின. கச்சேரிகளும் நகரத்தின் தெற்கிலும் நடுவிலும்தான் அதிகம். ராத்திரி பத்து மணிக்கு மேல் முடியும் கச்சேரியிலிருந்து பட்டாபிராமுக்குத் திரும்புவது எவ்வளவு பாடு என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் புறநகர்வாசிக்கு ஆல்பம் முக்கியம் என்கிறேன். மேடை நம் ஊருக்கு வராதபோதும் ஆல்பம் வந்துவிடும்.

மற்ற பாதி பொய். நம் ரயில் போகும் தடத்தையே பாருங்கள். பெரம்பூரில் ரயில்வேயோடு சேர்ந்து வளர்ந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள். அதை அடுத்து வியாசர்பாடி, கானாவின் தாய்மடிகளில் ஒன்று. கிதாரும் கானாவும் இந்தத் தண்டவாளத்துக்குப் பக்கத்திலேயே வெகுகாலம் வாழ்ந்திருக்கின்றன. இரண்டும் ஒரே மேடையில் ஏறியது 2018 ஜனவரி 6-ல், கீழ்ப்பாக்கத்தில். இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் முன்னெடுக்க, இசைக்கலைஞர் தென்மா கட்டியெழுப்பிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி அது. கானாப் பாடகர்களும் ராப் பாடகர்களும் பறை, சட்டி, கட்டை வாசிப்பவர்களும் எலெக்ட்ரிக் கிதாரும் டிரம்ஸும் ஒரே வரிசையில் நின்றார்கள். குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையிலிருந்து வந்தது. இடஒதுக்கீடு, மாட்டுக்கறி, ஆணவக்கொலை, மலக்குழி மரணங்கள் என்று அவர்கள் எடுத்த பொருள்கள் எதுவும் வசதியான வீட்டுக் கூடத்தில் பிறந்தவை அல்ல. அந்தக் குழுவின் இசைவாணி 2020-ல் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார்.

தென்மா அதற்கு முன்பு கபேர் வாசுகியோடு சேர்ந்து 'குரங்கன்' என்ற குழுவில் இருந்தார். கபேர் வாசுகி தனியாகவும் 'அழகு புராணம்' என்று ஓர் ஆல்பம் செய்தவர். அவர் தமிழ் தெருவில் பேசும் தமிழ். கோபம் வந்தால் கோபமாக, சலிப்பு வந்தால் சலிப்பாக, எதுகை மோனைக்காகக் காத்திருக்காமல் வரும். சினிமாப் பாடலில் நாயகனுக்காக எழுதுகிறார்கள்; இங்கே எழுதுகிறவர் தனக்காக எழுதுகிறார். அந்த வித்தியாசம் முதல் வரியிலேயே காதில் விழும்.

மொழி புரியாவிட்டால் இசை பிடிக்காது என்பதையும் இங்கேயே பேசிவிடலாம். மார்கழிக் கச்சேரிகளில் தியாகராஜரின் தெலுங்குக் கீர்த்தனைகளுக்கு உருகுகிற ஊர் இது. 'ஆராதனா'வின் இந்திப் பாட்டுகளை எழுபதுகளில் பாடித் திரிந்த தலைமுறையும் இங்கே இருந்தது. தமிழில் பாடு என்று கேட்பது நியாயமான உரிமை; அதற்காக 1943-ல் தமிழ் இசைச் சங்கமே பிறந்தது. ஆனால் அந்த உரிமையைக் கேட்பதும், ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ பாடியதால் ஒரு குழுவைக் கேட்கவே மாட்டேன் என்பதும் ஒன்றல்ல. கேரளத்தின் 'அவியல்' குழு 2008-ல் தங்கள் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பம் முழுக்க மலையாள ராக். அது எல்லை தாண்டி இங்கே வந்து சேர்ந்ததற்கு யாரும் மொழிபெயர்ப்பு தரவில்லை.

"நல்ல பாட்டுன்னா கேட்டவுடனே பிடிச்சிடணும்"

எனக்கு இருப்பதிலேயே முக்கியமாகப் படுவது இந்த நம்பிக்கைதான். மற்ற எல்லாவற்றையும் விட அதிகமான ஆல்பங்களைக் கொல்வது இதுதான்.

ஒரு சினிமாப் பாட்டு நமக்குப் பிடித்துப்போகும் விதத்தை நிதானமாக யோசித்துப் பாருங்கள். படம் வருவதற்கு முன்பே சில விநாடி முன்னோட்டம் வருகிறது. பிறகு முழுப் பாட்டு. எஃப்எம்மில் ஒரு நாளைக்குப் பல முறை. ஷேர் ஆட்டோவில், டீக்கடையில், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில், கோயில் திருவிழா மேளத்தில். நாயகன் முகம் அதனோடு ஒட்டிக்கொள்கிறது. ஒரு மாதம் கழித்து, "கேட்டவுடனே பிடிச்சுப்போச்சு" என்கிறோம். உண்மையில் நாம் கேட்காமலேயே, நம்மைக் கேட்காமலேயே, ஊர் நமக்கு அந்தப் பாட்டை ஐம்பது முறை போட்டுக் காட்டியிருக்கிறது. பழக்கப்படுத்தும் வேலை முழுவதையும் வெளியுலகம் செய்துவிட்டது.

தெரியாத இண்டி ஆல்பத்துக்கு அந்த வசதி கிடையாது. எந்த டீக்கடையும் அதைப் போடாது. முதல் முறை கேட்கும்போது அது உண்மையிலேயே முதல் முறைதான். அந்த ஒரு முறையைச் சினிமாப் பாட்டின் ஐம்பதாவது முறையோடு நிறுத்திப் பார்த்து, "இது எடுபடல" என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

இது என் ஊகம் மட்டுமல்ல. உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-ல் வெளியிட்ட ஆய்வில், பொருளற்ற சொற்களையும், பார்ப்பவர்களுக்குப் படிக்கத் தெரியாத சீன எழுத்து போன்ற வடிவங்களையும், அறிமுகமில்லாத முகங்களின் படங்களையும் சிலருக்கு வெவ்வேறு எண்ணிக்கையில் காட்டினார். எது அதிகமுறை கண்ணில் பட்டதோ அதையே மக்கள் அதிகம் விரும்பினார்கள். வேறு காரணமே தேவைப்படவில்லை. திரும்பத் திரும்ப எதிர்ப்பட்டதே போதுமாயிருந்தது. பின்னாளில் இசையை வைத்து நடந்த சோதனைகள் இதில் ஒரு திருத்தம் சொல்கின்றன. கவனித்துக் கேட்பவர்களுக்கு விருப்பம் முதலில் ஏறுகிறது, ஓர் உச்சத்துக்குப் பிறகு சலிப்பாகி இறங்குகிறது. ஆகவே பழகினால் எல்லாமே பிடித்துவிடும் என்றும் சொல்ல முடியாது. ஆனால் ஏறும் படிகளைக் கடக்கும் முன்பே நாம் இறங்கிவிடுகிறோம் என்பது நிச்சயம்.

எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறோம் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் பணிபுரிந்த பால் லமேர் 2014-ல் கோடிக்கணக்கான கேட்புகளை ஆராய்ந்தார். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு முதல் 5 விநாடிக்குள்ளேயே தள்ளிவிடப்பட்டது. பாதிக்குப் பாதிதான் பாட்டு முடியும்வரை போனது. 5 விநாடியில் ராக் பாட்டில் என்ன கேட்கும்? கிதாரின் ஓர் இழுப்பு, அல்லது டிரம்ஸ் குச்சிகள் தாளம் எண்ணும் சத்தம். பாடகர் வாய் திறந்திருக்கவே மாட்டார்.

எனக்குச் சரியாகப் படும் முறை எளியது. புது ஆல்பத்தை மூன்று தனித்தனி நாள்களில், நடுவில் தள்ளாமல், முழுதாகக் கேளுங்கள். முதல் நாள் சத்தம் பழகும். இரண்டாம் நாள் எந்தப் பாட்டு எங்கே வருகிறது என்று தெரியும். மூன்றாம் நாள், அடுத்து வரப்போவதை மனம் ஒரு கணம் முன்னதாகவே எதிர்பார்க்கத் தொடங்கும். அதன் பிறகும் ஒன்றும் தோன்றவில்லையென்றால் தாராளமாக விட்டுவிடலாம். பட்டாபிராமிலிருந்து மூர் மார்க்கெட்டுக்கு ஒரு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகிறது. பெரும்பாலான ராக் ஆல்பங்கள் அந்த நேரத்துக்குள் முடிந்துவிடும். மூன்று நாள் வேலைக்குப் போய்வரும் நேரம்தான் இந்தச் சோதனைக்கு ஆகும் மொத்தச் செலவு.

"பாடறதே கேக்கல, ரெக்கார்டிங் மட்டம்"

இந்தக் குறை எனக்குப் புரிகிறது, ஏனென்றால் நம் காது பழகிய விதம் அப்படி. சினிமாப் பாட்டில் குரல் முன்னால் வந்து நிற்கும். வாத்தியங்கள் அதற்குப் பின்னால் ஒதுங்கி வழிவிடும். வரி தெளிவாகக் கேட்கவேண்டும் என்பது அங்கே முதல் விதி. ராக் குழுக்கள் பலவற்றில் குரலும் இன்னொரு வாத்தியம்தான். கிதாரும் டிரம்ஸும் அதற்குச் சமமாக நிற்கும். சில இடங்களில் அதை வேண்டுமென்றே மூழ்கடிக்கும். கிதார் ஒலி கரகரவென்று உடைவதும் கோளாறு அல்ல. அதற்கென்று தனிக் கருவியே வைத்திருக்கிறார்கள். மலிவான பதிவுகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆனால் குரல் உள்ளே இருப்பதை மட்டும் வைத்து மலிவு என்று முடிவுகட்டக் கூடாது.

இன்னொரு காரணம் நம் கையிலேயே இருக்கிறது. பேஸ் கிதாரின் தடித்த கம்பி எழுப்பும் ஒலி நொடிக்கு 41 அதிர்வு. கைபேசியின் சிறிய ஸ்பீக்கரால் அவ்வளவு தாழ்ந்த ஒலியை எழுப்பவே முடியாது. ராக் இசையில் பாட்டைத் தோளில் சுமப்பது பேஸும் டிரம்ஸின் அடி முழக்கமும்தான். அவற்றை எடுத்துவிட்டு மேலிருக்கும் கரகரப்பை மட்டும் கேட்டால் யாருக்கும் தலைதான் வலிக்கும். சுமாரான இயர்போன் இருந்தாலே போதும், ஆல்பம் வேறு ஆல்பமாகிவிடும்.

இயர்போன் என்றதும் இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். ஓடும் ரயிலின் இரைச்சலை வெல்ல ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். உலக சுகாதார நிறுவனம் வயதுவந்தோருக்குச் சொல்லும் எல்லை 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம். ஒலி கூடக்கூட அந்த நேரம் மளமளவென்று குறைந்துவிடும். காதை நன்றாக அடைக்கும் வகை இயர்போன் போட்டால் குறைந்த ஒலியே போதும். இரண்டாவது, தண்டவாளத்தைக் கடக்கிறவர் காதில் எந்த ஆல்பமும் இருக்கக் கூடாது. எங்கள் தடத்தில் இதைச் சொல்லாமல் இசை பற்றி எழுத எனக்கு மனமில்லை.

"நல்லா இருந்தா இந்நேரம் ஹிட் ஆகியிருக்குமே?"

இந்தக் கேள்வியை நேராகவே சோதித்துப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் ஆகிய மூவர். யாருக்கும் தெரியாத குழுக்களின் 48 பாட்டுகளை எடுத்துக்கொண்டு இணையத்தில் 14,000-க்கும் மேற்பட்டவர்களைக் கேட்கவைத்தார்கள். ஒரு பிரிவினருக்குப் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்களை எட்டுத் தனி உலகங்களாகப் பிரித்து, தங்கள் உலகத்தில் எந்தப் பாட்டை எத்தனை பேர் பதிவிறக்கிக்கொண்டார்கள் என்ற எண்ணிக்கையையும் காட்டினார்கள். முடிவுகள் 2006-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தன.

எட்டு உலகங்களிலும் பாட்டுகள் அவைதான். ஆனால் ஹிட் ஆனவை வேறுவேறு. '52 மெட்ரோ' என்ற குழுவின் 'லாக்டவுன்' என்ற பாட்டு ஓர் உலகத்தில் முதலிடம். இன்னோர் உலகத்தில் நாற்பதாம் இடம். முதலில் வந்த சிலர் எதை எடுத்தார்களோ, அதைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று போனதில் சிறு வித்தியாசம் பெரிய வெற்றியாகவும் தோல்வியாகவும் வளர்ந்துவிட்டது. அடுத்தவர் எண்ணிக்கை எவ்வளவு பளிச்சென்று காட்டப்பட்டதோ, அவ்வளவுக்கு வெற்றி யார் பக்கம் விழும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினமானது.

அந்த ஆய்வு இன்னொன்றும் சொன்னது. பெரும்பாலோருக்குப் பிடித்த மிக நல்ல பாட்டுகள் அடிமட்டத்துக்கு அரிதாகவே போயின. மிக மோசமானவை மேலே வருவதும் அரிது. அதனால், யாருக்கும் தெரியாததுதான் உயர்ந்த இசை என்று நினைப்பதும் இதே அளவு தவறு. இண்டி ரசிகர்கள் சிலரிடம் அந்த மிதப்பு உண்டு. அவர்கள் விரும்பும் குழுவுக்குக் கூட்டம் சேர்ந்ததும் குழு கெட்டுப்போனதாகச் சொல்வார்கள். பத்தாயிரம் பேர் கேட்பதால் ஒரு பாட்டின் ஸ்வரம் மாறாது. தெரியாத ஆல்பங்களில் சுமாரானவை நிறைய, மோசமானவையும் நிறைய. நான் சொல்வது ஒன்றுதான்: கேட்டவர் எண்ணிக்கையை வைத்து அது எந்த வகை என்று கண்டுபிடிக்க முடியாது.

"எனக்குப் பிடிச்சதை ஆப்பே கொண்டாந்து குடுக்கும்"

கொடுக்கும், ஓரளவுக்கு. உங்களைப் போன்ற ரசனையுள்ள மற்றவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதுதான் அந்தப் பரிந்துரைக்கு முக்கிய ஆதாரம். சில நூறு பேர் மட்டுமே கேட்டிருக்கும் ஆல்பத்தைப் பற்றி அதற்குத் தெரிந்தது குறைவு. ஆகவே மூர் மார்க்கெட்டில் உறையைப் பார்த்து எடுத்த மாதிரி, இன்றும் யாராவது ஒருவர் கையை நீட்டி எடுத்தால்தான் அடுத்தவருக்கு அது போய்ச் சேரும்.

"ஆல்பம் முழுக்க எதுக்கு? ஒரு நல்ல பாட்டு போதும்"

1948-ல் கொலம்பியா நிறுவனம் எல்பி தட்டைக் கொண்டுவந்தபோது ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் கிடைத்தது. அதற்கு முந்தைய 78 சுற்றுத் தட்டில் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடம்தான். கிடைத்த அந்த நீளத்தை ராக் குழுக்கள் வேறெவரையும்விட ஆசையோடு பயன்படுத்திக்கொண்டன. எந்தப் பாட்டில் தொடங்குவது, வேகமான இரண்டுக்குப் பிறகு எங்கே மூச்சுவிடுவது, எதில் முடிப்பது என்று மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். சினிமா ஆல்பத்துக்கு அந்த வேலையைக் கதையும் இயக்குநரும் செய்துவிடுவதால், பாட்டுகளைத் தனித்தனியாக உருவிக் கேட்டே நமக்குப் பழக்கம். ராக் ஆல்பத்தின் நடுப்பாட்டு ஒன்று தனியாகக் கேட்டால் வெறுமையாகத் தோன்றும். அதன் இடத்தில் வைத்துக் கேட்டால்தான் முன்னும் பின்னும் இருப்பவற்றுக்கு அது என்ன செய்கிறது என்று தெரியும். எல்லா ஆல்பமும் அவ்வளவு யோசித்துச் செய்யப்பட்டது என்று சொல்லவில்லை. ஆனால் வரிசை மாற்றிக் கலைத்துப்போடும் பொத்தானை முதல் முறையாவது அணைத்து வைப்பது, செய்தவருக்கு நாம் காட்டக்கூடிய குறைந்தபட்ச மரியாதை.

"நான் கேட்டாலே அவங்களுக்குக் காசு போயிடும்ல?"

போகும், மிகக் கொஞ்சமாக. சில சமயம் போகவே போகாது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டை 30 விநாடியாவது கேட்டால்தான் அது கணக்கில் வரும். 2024 முதல், முந்தைய பன்னிரண்டு மாதத்தில் 1,000 முறையாவது கேட்கப்படாத பாட்டுக்குப் பதிவுக்கான பங்கே கிடையாது. பெரும் நட்சத்திரங்களுக்கு இது ஒரு பொருட்டில்லை. தன் காசில் ஸ்டுடியோ எடுத்து ஆல்பம் போட்ட குழுவுக்கு, அந்த ஆயிரத்தைத் தொடுவதே ஒரு படி. நீங்களும் உங்கள் நண்பர்களும் ஓர் ஆல்பத்தை முழுதாக மூன்று முறை கேட்பது வெறும் ரசனை விஷயமல்ல. அந்தக் கணக்கில் அது எண்ணிக்கையாகச் சேர்கிறது.

பிடித்துப்போனால் வாங்கலாம். 2008-ல் தொடங்கிய பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க முடியும். விற்ற டிஜிட்டல் ஆல்பத்தில் 15 சதவீதம் தளத்துக்கு, மீதி பணப்பரிமாற்றக் கட்டணம் போகக் கலைஞருக்கு. பல இந்தியக் குழுக்கள் அங்கே இருக்கின்றன. ஒருவர் ஓர் ஆல்பத்தை விலைகொடுத்து வாங்கினால் குழுவுக்குக் கிடைப்பது, அதே மனிதர் அதை மாதக்கணக்கில் ஓசியில் கேட்டுக் கிடைப்பதைவிடப் பல மடங்கு அதிகம். கச்சேரியில் விற்கும் டி-ஷர்ட்டும் அப்படித்தான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் என் பதில் இது. தமிழில்தான் வேண்டும் என்பவர்கள் கேஸ்ட்லெஸ் கலெக்டிவிலிருந்து தொடங்கிக் குரங்கனுக்கும் கபேர் வாசுகிக்கும் போகலாம். கானா தெரிந்த காதுக்கு முதல் குழுவில் பாதி வழி ஏற்கெனவே தெரிந்ததாக இருக்கும். ஆங்கிலம் பரவாயில்லை என்றால் சென்னையின் 'தி எஃப் 16ஸ்'. 2016-ல் வந்த அவர்களுடைய 'ட்ரிகர்புங்க்டே' கொஞ்சம் பொறுமை கேட்கும்; 2019-ல் வந்த 'வீக்எண்ட் ஃப்ரெண்ட்ஸ்' குறுகியது, இதமானது, முதல் முறையிலேயே கையைப் பிடித்துக்கொள்ளும். இன்னும் முரட்டுத்தனமாக, கிதாரின் கரகரப்போடு வேண்டும் என்றால் அதே ஊரின் 'ஸ்க்ராட்'. அந்தக் கரகரப்பு கைபேசி ஸ்பீக்கரில் எடுபடாது, இயர்போனில்தான் கேட்க வேண்டும். மலையாளத்துக்கு 'அவியல்'. வார்த்தையே வேண்டாம் என்பவர்களுக்கு 'ஹௌ டு நேம் இட்' இருக்கிறது. அது ராக் அல்ல, ஆனால் தெரியாத ஒன்றை முழுதாகக் கேட்கும் பழக்கத்துக்கு அதைவிட நல்ல தொடக்கம் தமிழில் எனக்குத் தெரிந்து வேறில்லை.